பிரேக்கைத் தளர்த்திவிட்டு இறங்குகிறவர்

"விஷயம் தெரியுமா சார்? அந்த கிரேன்காரன் மேலேயே உக்காந்துட்டானாம். ஷேர்ல போட்டதெல்லாம் போயிடுச்சாம். இறங்க மாட்டேங்கிறானாம். மேல இருந்துகிட்டு அந்த மிஷினைச் சும்மா சுத்து சுத்துன்னு சுத்துறானாம்!"

முடிதிருத்துபவர் என் வலது காதோரம் கத்தரியை வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். அவருக்குச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர். மருந்துக்கடைக்காரருக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர். எத்தனை 'ஆம்' தாண்டி வந்த செய்தி என்று எண்ணிப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. வெளிநாட்டில் வாழ்பவனுக்குக் கெட்ட செய்தி என்றால் முதலில் நம்பிவிட்டு அப்புறம்தான் விசாரிக்கத் தோன்றும்.

கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் கடையின் கதவு, கதவுக்கு வெளியே தெரு, தெருக்கோடியில் பாதி எழும்பி நிற்கும் கட்டடம், அதற்கும் மேலே மஞ்சள் நிற டவர் கிரேன். அதன் நீண்ட கை நிஜமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. கொக்கியில் சுமை ஏதும் இல்லை. கை மட்டும் ஒரு பக்கமாகப் போகும், நின்று யோசிக்கும், திரும்பி வரும், மறுபடி போகும். வேலை செய்கிற கிரேன் அப்படிப் போகாது. குடித்தவன் நடை அது.

விடிந்ததிலிருந்து காற்று. கடைப் பலகைகள் தடதடத்துக்கொண்டிருந்தன. அதைவிடப் பெரிய காற்று பங்குச் சந்தையில். மூலையில் தொங்கிய தொலைக்காட்சியில் எண்கள் எல்லாம் சிவப்பு. மூன்றாவது நாளாகச் சரிவு.

"எங்கிட்ட தலையைக் கொடுத்திருந்தா இந்தப் புத்தி வந்திருக்குமா சார்?" என்றார் முடிதிருத்துபவர். அவருக்கு ஒரு பழைய மனத்தாங்கல். கிரேன்காரர் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறவர். "மிச்சம் பிடிக்கிறாராம் மிச்சம்! பின்மண்டையைப் பாத்தீங்களா? எலி கரண்டின மாதிரி இருக்கும்."

அதில் பொய் இல்லை. அந்தப் பின்மண்டையை நானும் பார்த்திருக்கிறேன்.

உடன் வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'உச்சி'. வயது முப்பத்தாறு. நெடுநெடுவென்ற உடம்பு, பேசும்போது ஆமைபோல முன்னால் நீளும் கழுத்து. நாள் முழுக்கக் கிரேன் காபினின் கண்ணாடித் தரை வழியாகக் குனிந்து பார்த்துப் பார்த்து வந்த கழுத்து என்பார் மனைவி. "முதல் தடவை என்னைப் பாக்க வந்தப்பவும் தரையையேதான் பாத்துக்கிட்டிருந்தாரு. வெக்கப்படுறாருன்னு நினைச்சு வீட்ல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. ஏமாந்துட்டோம்."

காலையில் இடுப்பில் சாப்பாட்டுப் பை, தோளில் ஒரு சின்ன மெத்தை, கையில் ஒரு காலி பாட்டிலோடு ஏணியில் ஏறுவார். "பாட்டில் எதுக்குன்னு கேக்காதீங்க சார். மேல அதுக்கெல்லாம் ரூம் கிடையாது." செல்போன் மட்டும் மேலே போகக் கூடாது. அது கட்டுமானத் தளத்தின் விதி. மற்ற ஓட்டுநர்கள் அந்த விதியைச் சபிக்கிறார்கள். இவர் கொண்டாடுகிறார். அதன் காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

எங்கள் அறிமுகமே கூத்துதான். தளத்தின் வாசலில் தகரக் கூரை போட்ட ஒரு தேநீர்க் கடை உண்டு. ஒருநாள் அங்கே நின்றிருந்தபோது தலைக்கவசத்தோடு ஒருவர் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார். "நீங்கதானே சார் எதிர்க் கட்டடத்துல எட்டாவது மாடி? பால்கனிக் கதவைப் பூட்டிட்டு, இழுத்துப் பாத்துட்டு, உள்ள போயிட்டு, திரும்ப வந்து இழுத்துப் பாக்கறவரு?" எனக்கு முகம் சிவந்தது. அவர் ஆறுதலாகத் தோளைத் தட்டினார். "தப்பே இல்ல சார். பூட்டு நல்ல பூட்டு. நானும் தினம் மேல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

உலகத்தில் இரண்டு பேர் சந்தித்தால் உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்பார்கள். உச்சி கேட்பது வேறு. "அப்புறம் சார், உங்க பணம் என்ன பண்ணுது?"

"பேங்க்ல இருக்கு."

"இருக்குன்னா? சும்மாவா இருக்கு? தோளுக்கு மேல வளந்த பிள்ளை சோபால படுத்துக் கெடக்கிற மாதிரியா? வேலைக்கு அனுப்புங்க சார் அதை!"

இதைச் சொல்லும்போது அவர் கண்களில் தெரியும் குதூகலத்தைப் பார்க்க வேண்டும். காதல் கதை சொல்கிறவர்கள் முகத்தில்கூட நான் அதைக் கண்டதில்லை. சட்டைப் பையிலிருந்து திருகாணிகளை எடுத்துத் தேநீர்க் கடைப் பலகையில் வரிசையாக வைப்பார். "இது நீங்க போட்ட காசு. இது அதோட குட்டி. அடுத்த வருஷம் ஆத்தாளும் குட்டி போடுது, குட்டியும் குட்டி போடுது. முயல் வளத்திருக்கீங்களா? அதேதான்! முப்பதுல ஆரம்பிச்சவனுக்குத் தோட்டம் பூரா முயல். நாப்பத்தஞ்சுல ஆரம்பிச்சவன் கூண்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறான்." கையைத் தட்டுவார். தேநீர் சிந்தும். திருகாணி ஒன்று உருண்டு யாருடைய காலடிக்கோ போகும். அதைத் தேடுவதோடு வகுப்பு கலையும்.

பழமொழிகளோடு அவருக்கு நிரந்தரத் தகராறு. "அகல உழறதை விட ஆழ உழுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்ல? நிலத்துக்குச் சரி. காசுக்கு அகலமா உழணும் சார். நூத்துக்கணக்கான கம்பெனி, ஆளுக்கு ஒரு சிட்டிகை. இண்டெக்ஸ் ஃபண்டுங்கிறது அதுதான். ஒரு கம்பெனியோட முதலாளி பேரும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். தெரிஞ்சா பாசம் வந்துடும்." ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை மட்டும் மன்னித்து வைத்திருக்கிறார்.

அளந்துதான் போடுகிறார். ஆறு மாதச் சாப்பாட்டுக்கான பணம் வங்கியில், தொடாமல். தனக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குக் கிடைக்கும்படி ஒரு காப்பீடு. அதற்கப்புறம்தான் சந்தை. சம்பளம் வந்த அன்றே சந்தைக்கான தொகை கிளம்பிவிடும். "செலவு பண்ணிட்டு மிச்சத்தைச் சேக்கலாம்னு உக்காந்தீங்கன்னா, மிச்சம்னு ஒண்ணு இந்த உலகத்துலயே கிடையாது சார். கேள்விப்பட்டிருப்பீங்க. பாத்திருக்க மாட்டீங்க."

கணக்கில் அவர் புலி என்று நினைத்துவிட வேண்டாம். சதவீதம் போட்டால் பாதி நேரம் தப்பாக வரும். கணக்கு மனைவியுடையது. அவர்கள் வீடு ஒரு சலவைக் கடையின் மாடியில், இரண்டே அறைகள். மனைவிக்குக் கீழே அதே கடையில் இஸ்திரி வேலை. ஒருமுறை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சுவரெல்லாம் வெதுவெதுப்பாக, நீராவி வாசனையோடு இருந்தது. "ஹீட்டர் செலவு மிச்சம்" என்று சுவரைத் தட்டிக் காட்டினார் உச்சி. "வெயில் காலத்துல வாங்க, இதே சுவத்தைத் திட்டுவாரு" என்றார் மனைவி.

அந்த வீட்டில் பாதிப் பேச்சு கைஜாடைதான். கிரேனின் கீழே நிற்கிற சிக்னல்மேன் காட்டுகிற அதே ஜாடைகள். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு: தட்டில் இன்னும் கொஞ்சம் போடலாம். கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு: டிவி சத்தத்தைக் குறை. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்தால், எல்லாவற்றையும் இருக்கிற இடத்தில் அப்படியே வை, யாரும் எதையும் அசைக்காதே. கடைசி பிஸ்கட்டை நோக்கி அண்ணனின் கை போனபோது சின்னவள் நாற்காலியில் ஏறி நின்று கைகளைக் கோத்தாள். அவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்த ஜாடைக்கு அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

பணத்துக்கும் கிரேனின் சட்டம்தான். "தூக்குன்னு ஒரே ஒரு ஆள்தான் சொல்லணும் சார். ஆளாளுக்குச் சொன்னா சுமை யார் தலையிலாவது விழும். ஆனா நிறுத்துன்னு யார் சொன்னாலும் நிறுத்தணும். தெருவுல போறவங்க சொன்னாக்கூட." வீட்டில் அந்த ஒரே ஆள் மனைவி. முதலீட்டு ஆப் இருப்பது மனைவியின் செல்போனில். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் அவர் சொல்ல வேண்டும். செல்போன் மேலே வரக் கூடாது என்ற விதியை உச்சி கொண்டாடும் காரணம் இதுதான். "என் கை சும்மா இருக்காது சார். லீவரைப் பிடிச்ச கை. எதையாவது அசைச்சுக்கிட்டே இருக்கணும் அதுக்கு. அதுகிட்ட ஆப்பைக் கொடுத்தா அவ்வளவுதான்."

இத்தனை உற்சாகத்துக்கும் அடியில் ஒரு பயம் இருக்கிறது. அது வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. தளத்தின் காவலாளி ஒரு காலத்தில் இதே நிறுவனத்தில் கிரேன் ஓட்டியவர். வருடாந்தரக் கண் பரிசோதனையில் தேறவில்லை. அன்றைக்கே இறங்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது லாரிக்குக் கதவு திறக்கிறார். எந்தச் சுமை மேலே போனாலும் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்க்கிறார். "அவர் இறங்கல சார். இறக்கி விட்டாங்க" என்பார் உச்சி, குரலைத் தாழ்த்தி. உச்சிக்கும் போன பரிசோதனையில் வலது கண்ணின் பவர் ஏறியிருக்கிறது. இன்னும் சில வருடம் ஓடும். அதற்குள் குட்டிகள் குட்டி போட வேண்டும். நாற்பத்தைந்தில் தானாக, தன் காலால், ஏணியில் இறங்கி வர வேண்டும். அவர் சேர்ப்பது அந்த ஒரு இறக்கத்துக்காக.

இந்தத் திட்டத்துக்கு ஒரு எதிரி உண்டு: மனைவியின் அண்ணன். செல்போன் விற்கும் கடை வைத்திருக்கிறார், இரண்டாவது கடை போட ஆசைப்படுகிறார். "ஏன் மாப்ளே, கண்ணுக்கே தெரியாத கம்பெனிக்காரன் உனக்குச் சொந்தமா, நான் சொந்தமா?"

"நீங்கதான் சொந்தம் மச்சான். அதான் பயமா இருக்கு."

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், கண்ணாடியில் அந்தக் கிரேனின் கை தள்ளாடுவதைப் பார்த்தபோது எனக்கு அந்த மனிதரின் கண்ணாடித் தரைதான் ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன். "சார், ஒரு பக்கம்தான் ஆயிருக்கு!" என்று கத்தரி பின்னால் கத்தியது. கழுத்தில் கட்டிய துணியோடு ஓடினேன்.

தளத்தின் வாசலில் கூட்டம். எல்லார் முகமும் மேலே. எல்லார் கையிலும் செல்போன், அதுவும் மேலே. ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "மூணு நாளா கீழயே வரலையாம்" என்றது ஒரு குரல். "நாலு நாளு" என்று திருத்தியது இன்னொன்று.

"யாருங்க? யாரு மேல?" என்று கேட்டுக்கொண்டே கூட்டத்துக்குள் ஒரு கழுத்து நீண்டது. ஒரு கையில் தேநீர்க் கோப்பை. பின்மண்டையில் எலி கரண்டிய அடையாளம்.

"கிரேன் ஓட்டுற ஆளுதான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "பணம் போச்சுன்னு பைத்தியம் பிடிச்சுடுச்சு, பாவம்."

"அய்யய்யோ!" என்றார் உச்சி உண்மையான கவலையோடு. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "எந்தக் கிரேன்? இதுவா? ஏங்க, இதை ஓட்டறது நான்தாங்க!"

கூட்டம் அவரைப் பார்த்தது, மேலே பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது. "அப்ப மேல யாரு?"

"யாருமே இல்ல. காத்து சுத்துது!"

பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. கோப்பையை என் கையில் திணித்துவிட்டுத் தன் நீண்ட கையையே கிரேனின் கையாக நீட்டிக்கொண்டார். காற்று இவ்வளவு வீசினால் வேலை கிடையாது. இறங்குவதற்கு முன்னால் கொக்கியை மேலே ஏற்றிவிட்டு, சுழற்சி பிரேக்கைத் தளர்த்திவிட்டு வர வேண்டும். அப்போதுதான் காற்று போகிற பக்கம் கை தானாகத் திரும்பிக்கொள்ளும். "இறுக்கி வெச்சீங்கன்னா அது காத்தை மார்ல வாங்கும். மொத்தக் கிரேனும் சாய்ஞ்சுடும். புதுசுல நான் அந்தத் தப்பைப் பண்ணேன். பயத்துல நல்லா இறுக்கிட்டு இறங்கிட்டேன். கீழ வந்து நின்னா டவர் முனகுது! இறங்கின ஏணில திரும்ப ஏறினேன், அந்தக் காத்துல. கையெல்லாம் தோல் உரிஞ்சுது." நீட்டிய கையைக் காற்றில் ஆடவிட்டார். "பாருங்க, இப்ப எப்படி ஜாலியா ஆடுது!"

"அப்ப யாரும் குதிக்கலையா?" என்று கேட்டுவிட்டு ஒருவர் செல்போனைப் பைக்குள் போட்டார். கூட்டம் ஏமாற்றத்தோடு கரைந்தது.

அந்த நேரத்தில்தான் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து மனைவி ஓடி வந்தார். சலவைக் கடையின் மேலங்கி, ஒரு காலில் ஒரு செருப்பு, மறு காலில் வேறொன்று. கையில் செல்போன். நேராக மேலே பார்த்து, "ஏங்க! இறங்குங்க! பணம் போனா போகட்டுங்க!" என்று கத்தினார்.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மனைவி திரும்பினார். தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அதே தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி, இன்னொன்றும் வைத்தார். "அண்ணன் போன் பண்ணான். 'உன் புருஷன் மேல உக்காந்து சுத்திக்கிட்டிருக்கான், எல்லாம் போச்சு'ன்னான். எனக்கு உயிரே போயிடுச்சு."

"எல்லாம் போகல. அஞ்சுல ஒண்ணு குறைஞ்சிருக்கு."

"அஞ்சுல ஒண்ணுன்னா லேசா? ஒரு வருஷத்துக்கு மேல நீங்க ஏறி இறங்கினதுங்க அது." கணக்கு அவருடையது அல்லவா. "இருக்கறதையாவது இப்பவே வித்து எடுத்துடுன்னான். கடையில போட்டா மாசாமாசம் கைக்கு வருமாம். சரின்னு சொல்ல வாயெடுத்தேன். உங்களைப் பாத்துட்டுச் சொல்றேன்னு வெச்சுட்டேன். இப்பக் கூப்பிடுவான்."

உச்சி குனிந்து மனைவியின் பொருந்தாத செருப்புகளைப் பார்த்தார்.

"நிறுத்துன்னு யார் சொன்னாலும் நிறுத்தணும்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றார் மனைவி. "அண்ணன் சொல்றான். டிவில சொல்றான். கடைக்கு வர்ற எல்லாரும் சொல்றாங்க."

"விக்கறது நிறுத்தறது இல்லம்மா" என்றார் அவர் மெதுவாக. "அந்தரத்துல தொங்குற சுமையோட கயித்தை அறுத்து விடறது. இப்ப வித்தா அந்த அஞ்சுல ஒண்ணு நிஜமாவே போயிடும். விடாம வெச்சிருந்தா, வந்தாலும் வரும். வரும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க."

"நினைக்கத்தான் முடியும்."

"அப்ப உங்களுக்குப் பயமே இல்லையா?"

கோப்பையை என்னிடமிருந்து வாங்கி மனைவியின் முன்னால் பிடித்துக் காட்டினார். மிச்சமிருந்த தேநீர் வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டிருந்தது. "இது காத்து இல்லம்மா" என்றார். "ஆனா அந்தத் தடவை பிரேக்கைப் பயத்துலதான் இறுக்கினேன். கடைய நம்பாம இல்ல. உங்க அண்ணன் நல்லவருதான். இருந்தாலும் சிக்னல் உன் கையில. நீ தூக்குன்னா இப்பவே எடுத்துடறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

செல்போன் அடித்தது.

திரையில் 'அண்ணன்' என்று ஒளிர்ந்தது. மனைவி அதைப் பார்த்தார். வாசலில், நாற்காலியின் நுனிக்கு வந்து வாயைத் திறந்தபடி அண்ணாந்திருந்த காவலாளியைப் பார்த்தார். பிறகு தானும் மேலே பார்த்தார். காற்று திசை மாறியிருக்க வேண்டும். மஞ்சள் கை அவசரமே இல்லாமல் வளைந்து வந்து, எங்கள் தலைகளுக்கு மேலாகக் கடந்து, கட்டடத்தின் அந்தப் பக்கம் போனது.

அடித்துக்கொண்டிருந்த செல்போனை அவர் உள்ளங்கையில் வைத்தார். மறு கையை அதன்மேல் வைத்து, விரல்களைக் கோத்து, வயிற்றுக்கு முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கணவரை நேராகப் பார்த்தார்.

கோப்பையோடு நின்றிருந்த உச்சி, அந்தக் கைகளையே பார்த்தபடி அப்படியே அசையாமல் நின்றார். கோத்த விரல்களின் இடுக்கிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது.